நார்மண்டி நாளில் நெல்லைக்கு மணி என்ன?

நீங்கள் கேட்டது இது: நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய 1944 ஜூன் 6 அன்று அமெரிக்க வானொலி ஒலிபரப்பியதை முழுநாள் பதிவாக இணையத்தில் கேட்டீர்கள். பாதியைத் தாண்ட முடியவில்லை. சொன்னதையே சொல்கிறார்கள், நடுநடுவே வாத்திய இசை. போர் நடக்கும்போது ரேடியோ இப்படியா இருக்கும்? அன்றைக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் இருந்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள்? எதிரி ரேடியோவையும் ஒளிந்து கேட்டார்களாமே, உண்மையா?

அலுப்புத் தட்டியது என்கிறீர்கள். போர்க்கால ரேடியோ அப்படித்தான் இருக்கும். செய்தி கொஞ்சம், காத்திருப்பு அதிகம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வால்வு செட்டில் ஆரம்பித்து டேப்ரிக்கார்டர் வரை பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினார். ஈயம் உருகுகிற வாசனையில் வளர்ந்தவன் நான், பிழைப்பும் இதே தொழிலில்தான் ஓடியது. நீங்கள் சொல்கிற அந்தப் பதிவை இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். முதல் தரம் எனக்கும் தூக்கம்தான் வந்தது.

முதலில் அந்த நாளின் கணக்கு. நியூயார்க் நேரம் நள்ளிரவு 12.37க்கு ஜெர்மனியின் டிரான்ஸோஷன் செய்தி நிறுவனம், பிரெஞ்சுக் கடற்கரையில் படையெடுப்பு தொடங்கிவிட்டது என்று சொன்னதாகத் தகவல் வருகிறது. சொன்னவன் எதிரி. நேச நாடுகளின் பக்கமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. எதிரி எதற்காக வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிரான்சின் உள்ளூர்ப் புரட்சிக்காரர்களை அவசரப்பட வைத்துப் பிடிப்பதற்காகக்கூட இருக்கலாம். ஆகவே அறிவிப்பாளர், ‘ஜெர்மானியர் இப்படிச் சொல்கிறார்கள், நம் பக்கம் உறுதி செய்யவில்லை’ என்கிறார். ஐந்து நிமிடம் கழித்து அதையே வேறு சொல்லில் சொல்கிறார். பிறகு வரைபட விளக்கம், பிறகு இசை, மறுபடி அதே வாக்கியம். 3.32 வரைக்கும் இதுதான். 3.32க்கு லண்டனில் ஐசனோவரின் தலைமையகத்திலிருந்து ஒரு கர்னல் முதல் அறிக்கையை வாசிக்கிறார். ஐசனோவர் தலைமையில், விமானப்படையின் துணையோடு கடற்படை, இன்று காலை நேச நாட்டுப் படைகளைப் பிரான்சின் வடகரையில் இறக்கத் தொடங்கியது. ஒரே வாக்கியம், அவ்வளவுதான். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒரு கண்டமே விழித்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

அவர்கள் அவ்வளவு தயங்கியதற்கு மூன்று நாள் முந்திய ஒரு சங்கதி காரணம். ஜூன் 3 அன்று லண்டனில் ஒரு செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டரில் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், படைகள் பிரான்சில் இறங்கிவிட்டன என்று தட்டிப் பார்த்திருக்கிறார். அது கம்பி வழியே போய்விட்டது. சில நிமிடங்களில் ‘தவறு, தவறு’ என்று வாபஸ் வாங்கினார்கள், ஆனால் அதற்குள் அமெரிக்காவில் ரேடியோவில் சொல்லியாயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஆறாம் தேதி மைக் முன்னால் உட்கார்ந்தவர்களின் குரலில் அந்தச் சூடு தெரியும். ‘உறுதியாகவில்லை’ என்ற சொல்லை எத்தனை தரம் சொல்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், விரல் போதாது.

பொழுது விடிந்த பிறகு கதை வேறு. பகலில் வழக்கமாக ஓடும் தொடர் நாடகங்கள் வெட்டுப்பட்டும் ஒட்டுப்பட்டும் ஓடுகின்றன, இடையிடையே பிரார்த்தனை, தேவாலய இசை. இரவு பத்து மணிக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேச வருகிறார். பேச்சு என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் கொடுத்தது ஒரு ஜெபம். அதற்குப் பிறகுதான் அந்த நாளின் உண்மையான சத்தம் வருகிறது. ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற நிருபர் ஏன்கன் என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி பிலிம் சுருளில் பதியும் கருவியில் பேசியது. விமானம் பாய்கிற இரைச்சல், பீரங்கி, நடுவில் அவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குவது எல்லாம் கேட்கும். நடந்தது காலையிலும் மாலையிலும், காதுக்கு வந்தது நள்ளிரவுக்குச் சற்று முன்பு. போர்முனையிலிருந்து ‘நேரடி ஒலிபரப்பு’ என்று இன்றைக்கு நாம் சொல்வது அன்றைக்கு அநேகமாக இல்லை.

(ஒரு இடைச்செருகல். இப்படி முழுநாளைப் பதிவதே அப்போது பெரிய வேலை. பதினாறு அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம். ஒரு நாளுக்கு 96 பக்கம். போரினால் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு, ஆகவே கண்ணாடித் தட்டில் பூச்சுப் பூசிப் பதிந்தார்கள். கை தவறினால் வரலாறு சுக்கு நூறு.)

இனி நம் ஊர். நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

முதல் சிக்கல் மணி. போரை முன்னிட்டு இந்தியாவின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 1942 முதல் 1945 அக்டோபர் வரை நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முந்தி, இப்போது இருக்கிற ஐந்தரை அல்ல. எங்கள் ஆச்சி ‘பழைய மணி, புது மணி’ என்று இரண்டு சொல்வாள். கோவிலுக்கு ஒன்று, சர்க்கார் கச்சேரிக்கு ஒன்று. அந்தப் புது மணிப்படி, நார்மண்டி மணலில் அமெரிக்கப் படை கால் வைத்தபோது நெல்லையில் காலை 11. ஜெர்மன்காரன் வாய் திறந்தது 11.07. கர்னல் அந்த ஒரு வாக்கியத்தை வாசித்தது மதியம் 2.02. ஆறாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் இரவு ஒன்பதுக்குப் பேசியபோது நமக்கு நடுநிசி ஒன்றரை. ரூஸ்வெல்ட்டின் ஜெபம் நமக்கு மறுநாள் புதன்கிழமை காலை எட்டரை, பலகாரம் சாப்பிடும் நேரம்.

மதியம் 2.02. ரேடியோ கேட்க ஒரு நாளில் இதைவிட மோசமான நேரம் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். இது புரிந்தால் மிச்சமெல்லாம் புரியும்.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், பகலில் தரையை ஒட்டித்தான் ஓடும். மேலே போகிற அலையை வெயில் நேரத்தில் அயனி மண்டலத்தின் (உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) அடித்தட்டு உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தத் தட்டு கலைந்துபோகும். அப்புறம் அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி விழும். அதனால் பகலில் கிடைப்பது பக்கத்து நிலையம், ராத்திரியில் கிடைப்பது உலகம். சிற்றலைக்கு, அதாவது ஷார்ட் வேவுக்கு, கணக்கு கொஞ்சம் வேறு. பகலுக்கு 16, 19 மீட்டர், இருட்டியபின் 31, 41, 49 மீட்டர் என்று இடம் மாறும். ஆனால் நல்ல ஏரியல் கட்டி, செம்புக் கம்பியை ஈர மண்ணில் புதைத்து எர்த் கொடுத்து, பொறுமையாக முள்ளைத் திருப்புகிறவனுக்குத்தான் அது.

1944இல் நமக்கு அருகே இருந்த அகில இந்திய வானொலி நிலையம் திருச்சி. 1939 மே 16இல் தொடங்கியது, ஐந்து கிலோவாட் மத்திய அலை. நெல்லையில் நிலையமே கிடையாது. அது வர இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தது. அப்போதெல்லாம் நிலையங்கள் வேளை வேளையாகத்தான் பேசும், நடுவில் ஓய்வு. மின்சாரமோ, பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே 1944இல்தான். டவுனையும் ஜங்ஷனையும் விட்டால் கிராமத்துக்குக் கம்பி போகவில்லை. ரேடியோ வைத்திருந்த வீடு என்றால் பண்ணையார் வீடு, வியாபாரி வீடு, ஒரு பாதிரியார் பங்களா. அந்தச் செட்டும் பேட்டரி செட். இரண்டு வோல்ட் ஈய பேட்டரி ஒன்று வால்வின் இழைக்கு, செங்கல் கனத்தில் உலர் பேட்டரி ஒன்று மின் அழுத்தத்துக்கு. ஈய பேட்டரியை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, அமிலம் சிந்தாமல் கொண்டுவர வேண்டும். இப்படிச் சேர்த்த மின்சாரத்தை மதியம் இரண்டு மணிக்கு எவன் செலவழிப்பான்? ராத்திரிச் செய்திக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

ஆகவே நெல்லைச் சீமை அந்த ஒரு வாக்கியத்தை இருட்டிய பிறகு கேட்டிருக்கும், அல்லது மறுநாள் பத்திரிகையில் பார்த்திருக்கும். நியூயார்க்காரன் தவித்த மூன்று மணி நேரத் தவிப்பு நமக்கு வாய்க்கவே இல்லை.

நமக்கு வேறு தவிப்பு இருந்தது. அதைச் சொல்லாமல் நார்மண்டியை மட்டும் சொன்னால் அது அந்த ஊர்க்காரன் கதையாகிவிடும். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் கடை வைக்கவும் கூலி வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனது ரங்கூனுக்கு, பினாங்குக்கு, சிங்கப்பூருக்கு, கொழும்புக்கு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். அத்தோடு கடுதாசி நின்றது, மணியார்டர் நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் சொன்னதுதான் தகவல். 1944 ஜூன் ஆறாம் தேதி பிரான்சின் கடற்கரை எங்கே இருக்கிறது என்பது நம்மவருக்கு இரண்டாம் பட்சம். இம்பால் என்ன ஆயிற்று? அன்றைக்கு இம்பால் முற்றுகையில் இருந்தது. வெளியே ஜப்பான் படையும் அதோடு இந்திய தேசிய ராணுவமும். அந்த ராணுவத்தில் மலேயாத் தமிழர்கள் ஏராளம். உள்ளே பிரிட்டிஷ் இந்தியப் படை, அதிலும் நம் பையன்கள். ஒரே தெருவின் இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றிருக்கக்கூடிய போர் அது.

எதிரி ரேடியோவை ஏன் கேட்டார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 1942 தொடக்கத்தில் பெர்லினிலிருந்து பேச ஆரம்பித்த ஆசாத் ஹிந்த் வானொலி, பிறகு சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் வந்தது. தமிழிலும் பேசியது. சுபாஷ் சந்திர போஸின் குரலுக்காகக் கேட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் 1942 செப்டம்பரில் நடந்த தாக்குதலையும் அதற்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையையும் பார்த்த சீமை இது. ஆனால் வீட்டுப் பெண்கள் கேட்டது வேறொன்றுக்காக. போர்க்கைதிகளின் பெயரையும் அவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் சேதியையும் எதிரி நிலையங்கள் வாசிப்பது உண்டு. இது உலகம் முழுக்க எல்லாத் தரப்பும் செய்த தந்திரம். ஒரு பேருக்காகக் காத்திருப்பவள் நடுவில் வரும் பிரசாரம் முழுவதையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

எங்கள் ஆச்சிக்கு ஒரு தம்பி, சிங்கப்பூரில் பட்டாளத்துச் சமையற்கட்டில் இருந்தவர். திருச்செந்தூருக்குத் தெற்கே அவர்கள் ஊரில் ஒரே ஒரு ரேடியோ, கருப்பட்டி வியாபாரி வீட்டில். ராத்திரி அவர் கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டது போல உட்கார்ந்து கேட்பாராம். எதிரி பேச்சைக் கேட்டு வெளியே பரப்பினால் கேஸ். ஆகவே விடிந்ததும் ஆச்சி தயிர் கொடுக்கப் போகிற சாக்கில் போய் நிற்பாள்.

“அண்ணாச்சி, பேரு வாசிச்சானா?”

“இன்னைக்கு வாசிக்கலம்மா. பாட்டுதான் போட்டான்.”

ஆச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ‘பாட்டுதான் போட்டான்’ என்பதில் ஒரு கோபம் இருக்கும். தம்பி 1946இல் மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தார். அவர் பெயர் ஒரு நாளும் ரேடியோவில் வந்ததில்லை.

லண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இல் தொடங்கியதே இந்தப் போட்டியில் பிறந்ததுதான். பின்னாளில் அது ‘தமிழோசை’ ஆகி, 2017 ஏப்ரல் 30 வரை ரேடியோவில் பேசியது. எதிரியும் தமிழில் பேசுகிறான், நாமும் பேசுவோம் என்று பெர்லினும் சிங்கப்பூரும் லண்டனும் டெல்லியும் வரிந்து கட்டிக்கொண்டு நம் பாஷையைப் பேசியது அந்த ஐந்தாறு வருஷம்தான். கேட்பவனுக்குக் கொண்டாட்டம். நாலு பேர் சொல்வதையும் கேட்டு, நாலிலும் ஒத்துப்போவதை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு கலையாகவே பழகிவிட்டது. அப்பா அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: தோற்றவன் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டான். ஜெயித்தவன் சொல்வது ‘இன்ன ஊரைப் பிடித்தோம்’. தோற்றவன் சொல்வது ‘திட்டப்படி பின்வாங்கினோம்’. ஊர்ப் பெயர் யார் வாயில் வருகிறது என்று பார், மிச்சத்தை விடு.

கொழும்பைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தென்கரைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று நேர்க்கோடு போட்டால் திருச்சியும் சுமார் 260 கிலோமீட்டர், கொழும்பும் சுமார் 260 கிலோமீட்டர். ஆனால் திருச்சிப் பாதை முழுக்கக் காய்ந்த தரை, கொழும்புப் பாதை பெரும்பாலும் கடல். உப்புத் தண்ணீர் காய்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்கு கணக்கில் நன்றாக மின்சாரம் கடத்தும். தரையை ஒட்டி வரும் அலைக்கு அது தார் ரோடு மாதிரி. மணப்பாடு, உவரி, தூத்துக்குடிப் பக்கம் பட்டப்பகலிலும் கொழும்பு கணீரென்று கேட்டதற்குக் காரணம் இதுதான், அவர்கள் நல்ல பாட்டாகப் போட்டது இரண்டாவது காரணம். அந்தக் கொழும்பு வானொலிக்குப் பலம் வந்ததும் போரால்தான். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. அந்தப் படைகளுக்காக ஏற்படுத்திய ரேடியோவின் பெரிய டிரான்ஸ்மிட்டர் பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்து, அதிலிருந்துதான் சிலோன் ரேடியோ உலகம் சுற்றியது. சிப்பாய்க்கு வைத்த பந்தியில் பிறகு நாம் சாப்பிட்டோம்.

1965 பாகிஸ்தான் போரைத் தாண்டிவிடுகிறேன், அப்போது நான் சின்னப் பையன். 1971 போர் கண்ணால் கண்டது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் வந்துவிட்டது. பெயர் திருநெல்வேலி, இருப்பது பாளையங்கோட்டை. வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்ஸ் புத்தகம் வாங்கி வருஷா வருஷம் பதினைந்து ரூபாய் கட்டவேண்டும். அப்பா கடைக்கு வருகிற செட்டில் பாதிக்கு அந்தப் புத்தகம் இருந்ததில்லை. அது வேறு கதை.

டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் வடக்கே நம் விமானத் தளங்களில் குண்டு போட்டுவிட்டன. இந்திரா காந்தி அப்போது கல்கத்தாவில் இருந்தார். டெல்லி திரும்பி, நாட்டுக்குப் பேசியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் சொன்ன நியூயார்க் மூன்று மணி நேரத்தை எங்கள் தெரு அன்றைக்கு அனுபவித்தது. பௌர்ணமி கழிந்த மறுநாள், தெருவெல்லாம் நிலா. கடை மேஜையில் ரிப்பேருக்கு வந்த ஒரு பெரிய மர்பி வால்வு செட் திறந்து கிடந்தது. பின்பலகை இல்லை, உள்ளே வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருந்தன. சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். பிரதமர் பேசுவார் என்று சொல்லிவிட்டு வீணை போடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, பேசுவார் என்கிறார்கள். மறுபடி வீணை. கூட்டத்தில் ஒரு பெரியவர், “ஏல, இவ்வொ வீணையை நிறுத்துனாத்தான்ல சண்டையே தொடங்கும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. வடக்கே பட்டாளத்தில் மகன் இருந்த ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றவர் நின்றவர்தான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அடுத்த பதிமூன்று நாளும் பகல் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. பகலில் ஆகாசவாணி. காலை டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்கு டீக்கடையில் கிளாஸ் சத்தம்கூட அடங்கும். ராத்திரியில் முள்ளைத் திருப்பினால் பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ பாகிஸ்தான் எல்லாம் வரும். காலையில் டீக்கடையில் யாராவது ‘அவன் வேற மாதிரி சொல்லுதான்’ என்று ஆரம்பித்தால், அவன் ராத்திரி தூங்கவில்லை என்று அர்த்தம். வதந்தி பொழுது சாய்ந்தபின் பிறப்பதற்கு மனுஷ சுபாவத்தோடு அயனி மண்டலமும் ஒரு காரணம். கொழும்பு மட்டும் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் இந்தியா தன் வானில் பாகிஸ்தான் விமானங்களைத் தடுத்த பிறகு, அவை கொழும்பில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் டாக்காவுக்குப் போய்வந்தன. அதைப் பத்திரிகையில் படித்தவர்கள் கொழும்பைத் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே பாட்டைக் கேட்பார்கள்.

ரேடியோவே ஆயுதமாகவும் இருந்தது. கிழக்கே இருந்த பாகிஸ்தான் படைக்கு, சரணடையுங்கள், மரியாதையாக நடத்துவோம் என்ற நம் ராணுவத் தளபதி மானெக்‌ஷாவின் செய்தி ஆகாசவாணியில் திரும்பத் திரும்பப் போனது.

டிசம்பர் 16, வியாழக்கிழமை, மார்கழி பிறந்த அன்று. அன்றைக்கு மதியத்துக்கு மேல் எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. வால்வு செட் எல்லாம் வெறும் மரப்பெட்டி. கடையில் இருந்தது ஒரு வாடிக்கையாளரின் டிரான்சிஸ்டர், அதில் நாலு செல்லும் செத்துக்கிடந்தது. செத்த செல்லை வெயிலில் காயவைத்தால் இன்னும் கால் மணி நேரம் ஓடும் என்பது ஊரறிந்த வைத்தியம். அன்றைக்கு வெயில் இல்லை, வானம் மூடிக்கிடந்தது. நான் நாலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா இட்லிப் பானையை இறக்கிவிட்டுச் சூடாக இருந்த அடுப்புத் திண்டில் வரிசையாகப் படுக்க வைத்தாள். கை பொறுக்கிற சூடு வந்ததும் சட்டைத் துணியில் பொதிந்துகொண்டு திரும்ப ஓட்டம். அப்பா செல் முனையைக் கத்தியால் சுரண்டி உள்ளே தள்ளி, வால்யூமை ரொம்பக் குறைத்து வைத்தார். சத்தம் கூட்டினால் செல் சீக்கிரம் தீரும். அதனால் பதினைந்து தலைகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு அந்தச் சின்னப் பெட்டிமேல் குனிந்தன. டாக்காவில் 4.31க்குக் கையெழுத்தாகிவிட்டது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ‘டாக்கா’ என்று கேட்டது, ‘சரண்’ என்று கேட்டது, அத்தோடு செல் தீர்ந்தது. முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. யார் யாரிடம் சரண் என்பது வாக்கியத்தின் மிச்சத்தில் இருந்தது.

அப்பாதான் சொன்னார்: “ஊர்ப் பேரைச் சொன்னது நம்ம ஆளு. போய்த் தூங்குங்க.” சுவரில் சாய்ந்து நின்றவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

பிற்காலத்தில் இதே கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போருக்கும் இந்தக் கரை ரேடியோவைத்தான் நம்பியிருந்தது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப்பணி, லண்டன் தமிழோசை, கொழும்பு, தூத்துக்குடியின் 200 கிலோவாட் மத்திய அலை என்று நாலும் வைத்து ஒப்பிட்டுக் கேட்டோம். 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின்மேலேயே குண்டு விழுந்து ஊழியர்கள் இறந்தபோது, ரேடியோக்காரனுக்குப் போர் எவ்வளவு பக்கம் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை பெட்டிக்கு இந்தப் பக்கம் மட்டுமே இருந்து பழகியவன் நான்.

நீங்கள் பாதியில் விட்ட அந்தப் பதிவுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். தாண்டித் தாண்டிக் கேட்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் நம் இப்போதைய கடிகாரப்படி காலை 10.07க்கு, ஜெர்மன் அறிவிப்பு வருகிற இடத்திலிருந்து ஓடவிட்டுவிட்டு வீட்டு வேலையைப் பாருங்கள். அறிக்கை சரியாக மதியம் 1.02க்கு வரும். அதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். போகலாமா, இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாமா என்று உங்களுக்கு ஒரு தயக்கம் வருகிறதா என்று மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.